வலி முதலில் போகும். பலம் கடைசியில் வரும்!

முழங்கையில் நசுங்கிய நரம்புக்கு ஆபரேஷன் ஆன பிறகு, எது எப்போது குணமாகும்?

கதவு நிலையிலோ கட்டில் சட்டத்திலோ முழங்கையை இடித்துக்கொள்ளாதவர்கள் யாரும் இல்லை. இடிபட்ட இடம் முழங்கை. ஆனால், 'சுர்ர்' என்று மின்சாரம் பாய்வது சுண்டு விரலில்!

ஏன் அப்படி?

முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு எலும்புக் குமிழ் இருக்கிறது. அதன் பின்னால், தோலுக்குச் சற்றுக் கீழே, ஒரு நரம்பு ஓடுகிறது. இடி விழுவது அந்த நரம்பின் மேல். அந்த நரம்பு போய் முடிகிற இடம் சுண்டு விரல். அதனால்தான் அங்கே 'சுர்' என்கிறது. இந்த நரம்புக்கு 'அல்னார் நரம்பு' என்று பெயர்.

இடித்துக்கொண்டால் வரும் 'சுர்' ஒரு நிமிடத்தில் போய்விடும். ஆனால், சிலருக்கு அது போவதே இல்லை. சுண்டு விரல் எந்நேரமும் மரத்திருக்கும். இரவில் வலி எழுப்பிவிடும். பிறகு கை பலம் குறையும். கடைசியில் கையிலுள்ள சதை சூம்பிப் போகும்.

முழங்கையில் நரம்பு நசுங்குவதால் வருகிற நோய் இது. இதற்கு ஆபரேஷன் உண்டு. ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கும் ஒரு சந்தேகம் வரும்.

"தையல் பிரித்தாகிவிட்டது. புண்ணும் ஆறிவிட்டது. விரல் இன்னும் மரத்தே இருக்கிறதே! ஆபரேஷன் பலிக்கவில்லையா?"

இப்படி நினைத்துப் பலர் மனம் உடைந்து போகிறார்கள். அப்படி மனம் உடையத் தேவையில்லை. நரம்பு குணமாவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அது தெரிந்தால் கவலை பாதி குறையும்.

அரிவாளைப் பிடிக்கும் நரம்பு

தர்மபுரி மாவட்டத்தில் சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டி இருப்பது பாப்பிரெட்டிப்பட்டி. கரும்பு, மரவள்ளிக்கிழங்கு, நெல், மஞ்சள் எல்லாம் விளைகிற ஊர்ப்பக்கம். இங்கே கையை நம்பித்தான் பிழைப்பு.

கரும்பு வெட்டுகிறவர் அரிவாளை எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். பிடி நழுவாமல் இறுக்கிக்கொள்வது சுண்டு விரலும் மோதிர விரலும்தான். மண்வெட்டிக்கும் அப்படியே. பால் கறக்கவும், பூக்கட்டவும், ஊசியில் நூல் கோக்கவும், சட்டைப் பொத்தான் போடவும் விரல்களை அகட்டிச் சேர்க்க வேண்டும். உள்ளங்கைக்குள் இருக்கிற சின்னச் சின்னத் தசைகள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துவது இந்த நரம்பு.

அதனால் இந்த நரம்பு கெட்டால், சுண்டு விரலோடு போகாது. கூலி போகும். குடும்பம் தவிக்கும்.

நரம்பு நசுங்குவது எப்படி?

இந்த நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது. தோளைத் தாண்டி, புஜத்தின் உள்பக்கமாக இறங்கி, முழங்கைக்கு வருகிறது. முழங்கையில் அது ஒரு சின்னக் குகைக்குள் புகுந்து போக வேண்டும். குகைக்கு ஒரு பக்கம் எலும்பு. மேலே கூரை போல ஒரு கெட்டியான பட்டை.

கையை நீட்டியிருக்கும்போது தொல்லை இல்லை. மடக்கினால் கூரைப் பட்டை இறுகுகிறது. குகை சுருங்குகிறது. நரம்பும் இழுபடுகிறது. கொஞ்ச நேரம் மடக்கி நீட்டினால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில் மடக்கியே வைத்திருந்தால் நரம்புக்கு ரத்த ஓட்டம் குறையும். மாதக்கணக்கில் இப்படியே நடந்தால் நரம்பு கெடும்.

கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர்கள், செல்போனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுகிறவர்கள், மேஜையிலோ வண்டியின் ஜன்னலிலோ முழங்கையை ஊன்றியே இருக்கிறவர்கள் ஆகியோருக்கு இந்தத் தொல்லை வரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்திருக்கும். எலும்பு சரியாகச் சேராமல் விட்டிருக்கும். பையன் வளர வளர, முன்கை வெளிப்பக்கமாகக் கோணிக்கொள்ளும். நரம்பு வருடக்கணக்கில் இழுபட்டு, 20 வயதிலோ 30 வயதிலோ கை மரக்கத் தொடங்கும். பழைய முறிவுக்கும் புதிய நோய்க்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பாரிஸ் நகரத்து டாக்டர் பனாஸ் 1878-ம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். குழந்தையின் முழங்கை முறிந்தால் எக்ஸ்ரே எடுத்து, சரியாகக் கட்டுப் போட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடையாளம் என்ன?

முதல் அடையாளம், சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரப்பது. ஆம், பாதிதான்! மோதிர விரலில் சுண்டு விரலைப் பார்த்த பக்கம் மரத்திருக்கும். நடு விரலைப் பார்த்த பக்கத்தில் உணர்ச்சி இருக்கும். எறும்பு ஊர்வது போலவும், ஊசி குத்துவது போலவும் இருக்கும். 'வாயு' என்று சொல்லிப் பலர் விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது அடையாளம், பலம் குறைவது. சாவி திருப்ப முடியாது. சட்டைப் பைக்குள் கையை விட்டால் சுண்டு விரல் தனியாக வெளியே விலகி நிற்கும்.

மூன்றாவது அடையாளம், சதை வற்றுவது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கையின் மேல்பக்கத்தில் ஒரு மேடு உண்டு. அது குழி விழுந்துவிடும். பிறகு சுண்டு விரலும் மோதிர விரலும் கொக்கி போல வளையும்.

டாக்டர்கள் ஒரு சுலபமான சோதனை செய்வார்கள். ஒரு காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி, அதை இழுத்துப் பார்ப்பார்கள். நல்ல கையானால் கட்டை விரல் நேராக நின்று பிடிக்கும். நரம்பு கெட்டிருந்தால் கட்டை விரலின் நுனி மடங்கிக்கொள்ளும். இந்தச் சோதனையை எழுதி வைத்தவர் பிரெஞ்சு டாக்டர் புரோமான். ஆண்டு 1915. இன்றும் இதுவே பயன்படுகிறது. நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் மின்கருவிச் சோதனையும் உண்டு.

ஒன்றை மறக்கக் கூடாது. விரல் மரப்பதெல்லாம் முழங்கை நோய் அல்ல. கழுத்து எலும்பு அழுத்தினாலும் மரக்கும். நீரிழிவு நோயிலும் மரக்கும். இடது கையில் திடீரென்று வலி வந்து, அதோடு நெஞ்சு அடைப்பும் வியர்வையும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எல்லோருக்கும் ஆபரேஷனா?

இல்லை. வெறும் மரப்பு மட்டும் விட்டு விட்டு வருகிறவர்களுக்கு, பழக்கத்தை மாற்றினாலே பலருக்கும் சரியாகிவிடுகிறது. முழங்கையை ஊன்றக் கூடாது. நெடுநேரம் மடக்கி வைக்கக் கூடாது. இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றி மொத்தமாகக் கட்டிக்கொண்டு படுத்தால், தூக்கத்தில் கை முழுவதும் மடங்காது. காசு செலவில்லாத வைத்தியம் இது!

இப்படிச் சில மாதம் செய்தும் குறையாவிட்டால், அல்லது கை பலம் குறையத் தொடங்கினால், ஆபரேஷன் தேவைப்படும். சதை வற்றத் தொடங்கிய பிறகு நாள் கடத்துவது ஆபத்து.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

இரண்டு முறைகள் முக்கியமானவை.

முதல் முறையில், குகையின் கூரையாக இருக்கிற பட்டையை வெட்டித் திறந்துவிடுகிறார்கள். நரம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அழுத்தம் மட்டும் போய்விடும். இந்தப் பட்டைதான் நரம்பை அழுத்துகிறது என்று காட்டி, அதை வெட்டிவிட்டாலே போதும் என்று 1957-ம் ஆண்டு எழுதியவர் இங்கிலாந்து டாக்டர் ஆஸ்பர்ன். அந்தப் பட்டை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இரண்டாவது முறையில், நரம்பை அந்த இடத்திலிருந்தே எடுத்து, எலும்புக் குமிழுக்கு முன்பக்கமாக மாற்றி வைக்கிறார்கள். பிறகு கையை மடக்கினாலும் நரம்பு இழுபடாது. இது 1898-ம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது.

எது மேல்? பல நாடுகளில் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்தது. நரம்பை இடம் மாற்றியவர்களுக்குப் புண்ணில் சீழ் பிடிப்பது கொஞ்சம் அதிகமாக இருந்தது. அதனால் சாதாரணமாக முதல் முறையே போதும் என்று பல டாக்டர்கள் கருதுகிறார்கள். எலும்பு கோணியிருந்தாலோ, கையை மடக்கும்போது நரம்பு குமிழின் மேல் ஏறி நழுவினாலோ, இடம் மாற்றுவது தேவைப்படும்.

வாணியாறு வாய்க்காலைப் பாருங்கள்

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் வாணியாறு அணை இருக்கிறது. சேர்வராயன் மலையில் பெய்த மழைநீர் அங்கே சேர்கிறது. வாய்க்காலில் திறந்துவிட்டால் வயல்களுக்குப் போகிறது.

அந்த வாய்க்காலின் நடுவில் ஒரு பாறை விழுந்து அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள வயல்கள் வாடுகின்றன. ஒரு நாள் பாறையை எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கே எல்லா வயலுக்கும் தண்ணீர் வந்துவிடுமா? வராது. தலைமடைக்கு முதலில் வரும். கடைமடைக்குக் கடைசியில்தான் வரும். வாடிய பயிர் தலை நிமிரும். காய்ந்து கருகிய பயிர் நிமிராது.

முழங்கை ஆபரேஷனும் இதே கதைதான். டாக்டர் செய்வது பாறையை எடுக்கிற வேலை. தண்ணீர் ஓடி வர வேண்டியது நரம்பின் வேலை. அதற்கு நாள் பிடிக்கும்.

எத்தனை நாள்? அது நரம்பு எவ்வளவு கெட்டது என்பதைப் பொறுத்தது.

நரம்பு ஒரு மின்சாரக் கம்பியைப் போன்றது. உள்ளே இழைகள். மேலே உறை. அழுத்தத்தால் உறை மட்டும் கெட்டிருந்தால், அந்த உறை சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் புதுப்பித்துக்கொள்ளும். மரப்பும் குறையும்.

உள்ளே இருக்கிற இழையே அறுந்திருந்தால், அது முழங்கையிலிருந்து புதிதாக வளர்ந்து கைக்கு வர வேண்டும். அதன் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லி மீட்டர்! மாதத்துக்கு ஓர் அங்குலம்.

பூக்காரி முழம் போடுவது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. நரம்பு நடக்க வேண்டிய தூரமும் அந்த முழம்தான். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசை வரை சுமார் 30 சென்டி மீட்டர். அதாவது 300 மில்லி மீட்டர். ஆகவே 300 நாள். பத்து மாதம்! விரல் நுனிக்குப் போக இன்னும் பல மாதம்.

தையில் ஆபரேஷன், தீபாவளிக்குப் பலம்

ஒருவருக்குத் தை மாதப் பிறப்பில் ஆபரேஷன் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் நடுத்தரமான நிலையில் இருக்கிறது. அவருக்கு என்ன நடக்கும்?

முதல் சில நாட்கள் புண் வலி இருக்கும். ஆனால், இரவில் எழுப்பிவிடுகிற அந்த மின்சார வலி, பலருக்கு முதல் நாட்களிலோ முதல் வாரங்களிலோ குறைந்துவிடுகிறது. "ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்" என்பார்கள். முதலில் கிடைக்கிற பரிசு தூக்கம்தான்.

இரண்டு வார வாக்கில் தையல் பிரிப்பார்கள்.

மாசி, பங்குனியில் மரப்பு விட்டு விட்டு வரும். முன்பு எந்நேரமும் இருந்தது, இப்போது சில நேரம் மட்டும் இருக்கும். அது நல்ல அடையாளம்.

சித்திரை, வைகாசி, ஆனியில் தொட்டால் தெரிகிற உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பும். அப்போது சிலருக்குப் புதிதாகக் கூச்சமும் குத்தலும் வரும். பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. வளர்கிற நரம்பு நுனியைத் தட்டினால் விரலில் 'சுர்' என்கும். முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த அந்த இடம் மாதா மாதம் கையை நோக்கி இறங்கி வந்தால், நரம்பு வளர்கிறது என்று பொருள். இதை 1915-ம் ஆண்டில் பிரான்சில் டீனலும், ஜெர்மனியில் ஹோப்மனும் தனித்தனியே கண்டு எழுதினார்கள். முதல் உலகப் போரில் நரம்பு அறுபட்ட சிப்பாய்களைப் பார்த்து டீனல் எழுதியது அது.

ஐப்பசி வாக்கில், தீபாவளி சமயத்தில்தான், உள்ளங்கைத் தசைகளுக்கு உயிர் வரத் தொடங்கும். சில வாரம் முன்பின் ஆகலாம். மறு தை வந்த பிறகும் பலம் கூடிக்கொண்டிருக்கும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் வலி போகும். பிறகு மரப்பு குறையும். கடைசியில் பலம் வரும்.

லேசான நோயில் இந்த வரிசை விரைவாக முடியும். முற்றிய நோயில் மெதுவாக நடக்கும். அல்லது பாதியில் நின்றுவிடும். காரணம், தசை நெடுநாள் காத்திருக்காது. நரம்புத் தொடர்பு முழுவதும் அறுந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகிவிட்டால், அந்தத் தசை வேலைக்கு ஆகாமல் போகும். பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பலன் குறைவு. கருகிய பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சிய கதைதான். வயதும் நீரிழிவு நோயும் குணமாவதைத் தாமதப்படுத்தும்.

முற்றிய நிலையில் ஆபரேஷன் வீணா? வீண் அல்ல. வலி குறையும். நோய் மேலும் முற்றாமல் நிற்கும். ஆனால், 'பழைய கை அப்படியே திரும்பும்' என்று எதிர்பார்க்கக் கூடாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

பந்து வீச்சாளர் பட்ட பாடு

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு பந்தாட்டம் உண்டு. அதில் புகழ் பெற்ற இடது கைப் பந்து வீச்சாளர் டாமி ஜான். 1974-ம் ஆண்டு, 31-வது வயதில், பந்து வீசும்போது அவருடைய இடது முழங்கையில் தசைநார் அறுந்தது. டாக்டர் பிராங்க் ஜோப் செப்டம்பர் மாதம் ஆபரேஷன் செய்து, வேறு இடத்திலிருந்து எடுத்த நாரை அங்கே வைத்துத் தைத்தார். மறுபடியும் ஆட வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றுதான் டாக்டரே சொல்லியிருந்தார்.

நார் சேர்ந்தது. ஆனால், பக்கத்தில் ஓடும் அல்னார் நரம்பு கெட்டது. விரல்கள் மரத்துக் கொக்கி போல மடங்கின. பந்தைப் பிடிக்கவே முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நரம்புக்காக இன்னொரு ஆபரேஷன் நடந்தது.

பிறகு? காத்திருந்தார். 1975-ம் ஆண்டுப் போட்டிப் பருவம் முழுவதும் ஆடவில்லை. தினமும் பயிற்சி செய்துகொண்டே நரம்பு வளரும் வரை பொறுத்திருந்தார். 1976-ம் ஆண்டு ஏப்ரலில் மைதானத்துக்குத் திரும்பினார். 1989-ம் ஆண்டு வரை, 46 வயது ஆகும் வரை ஆடினார்! அந்த ஆட்டத்தில் வெற்றியைப் பந்து வீச்சாளர் பெயரில் எழுதுவார்கள். அவர் பெயரில் உள்ள 288 வெற்றிகளில் 164 வெற்றிகள், ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை.

அவருக்குக் கூடச் சீக்கிரத்தில் குணமாகவில்லை. பேர் பெற்ற ஆட்டக்காரருக்கும் கரும்பு வெட்டுகிறவருக்கும் நரம்பு வளர்கிற வேகம் ஒன்றுதான்.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

இந்த நரம்பைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்னதில் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

தொழுநோய்க் கிருமி, உடம்பில் சூடு குறைந்த இடங்களை விரும்பும். முழங்கையில் அல்னார் நரம்பு தோலை ஒட்டி இருக்கிறது. அதனால் தொழுநோய் அதிகமாகத் தாக்குகிற நரம்புகளில் இதுவே முதன்மையானது. நரம்பு கயிறு போலத் தடிக்கும். வீங்கிய நரம்பு குகைக்குள் இறுகி நசுங்கும். கை மரத்து, விரல்கள் மடங்கும்.

கொல்லிமலையில் 1914-ம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். பெற்றோர் ஆங்கிலேயர்கள். 1946-ம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டு, அவற்றை நிமிர்த்த வழி தேடினார்.

உள்ளங்கைத் தசைதான் செத்துவிட்டது. ஆனால், முன்கையில் வேறு நரம்பு நடத்துகிற நல்ல தசைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் ஒன்றின் நாணை எடுத்து, மடங்கிய விரல்களோடு இணைத்தார். 1948-ம் ஆண்டு இந்த ஆபரேஷன்கள் வேலூரில் தொடங்கின. பிச்சைக்கு நீண்ட கைகள், உளி பிடிக்கவும் சோறு பிசையவும் தொடங்கின. பிறகு வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955-ம் ஆண்டு ஏற்பட்டது.

முழங்கை ஆபரேஷன் செய்தும் பலம் திரும்பாதவர்களுக்கு, நாணை மாற்றி இணைக்கும் இந்த வழி இன்றும் இருக்கிறது. கடைசிக் கதவும் அடைத்துவிடவில்லை!

டாக்டர் பிராண்ட் சொன்ன இன்னொரு உண்மையும் முக்கியமானது. தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி இல்லாததால் சுடுவது தெரியாது, வெட்டுவது தெரியாது, புண் மேல் புண்ணாகி விரல் குறைகிறது. வலி என்பது உடம்புக்குக் காவல்காரன் என்றார் அவர்.

முழங்கை நரம்பு நசுங்கியவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். உணர்ச்சி திரும்புகிற வரை மரத்த விரலை அவர்களே காவல் காக்க வேண்டும். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும்போது துணி பிடிக்க வேண்டும். சூடான டம்ளரை மற்றக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் விரலைச் சுட்டாலும் தெரியாது. புகை பிடிப்பதால் புண் ஆறுவதும் தாமதப்படும். அதை விட்டுவிடுவதே நல்லது. இரவில் படுக்கும் முன் விரல்களில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தோலில் வெளுத்த அல்லது சிவந்த உணர்ச்சியற்ற தேமல் இருந்து, அதோடு சுண்டு விரலும் மரத்தால், முதலில் தொழுநோய்ச் சோதனை செய்ய வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். அது முற்றிலும் குணமாகிற நோய். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த நரம்பு வீக்கத்துக்கு முதல் சிகிச்சை மாத்திரைகள்தான். ஆபரேஷன் சிலருக்கு மட்டுமே.

ஆபரேஷனுக்குப் பின் செய்ய வேண்டியவை

முதல் சில நாட்கள் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். வீக்கம் குறையும்.

விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். கூரைப் பட்டையை மட்டும் வெட்டியிருந்தால், முழங்கையையும் சீக்கிரமே அசைக்கச் சொல்வார்கள். நரம்பை இடம் மாற்றியிருந்தால் சில வாரம் கட்டு இருக்கலாம். டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும்.

கட்டு நனையக் கூடாது. புண் மேல் மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. 'நரம்பை நீவி விடுகிறேன்' என்று யாராவது வந்தால் கையைக் கொடுக்கக் கூடாது.

நாலைந்து வாரத்துக்குப் பளு தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடமும் பளுதான்! கரும்பு வெட்டு, மூட்டை தூக்குதல், மண்வெட்டி வேலை எல்லாம் டாக்டரைக் கேட்ட பிறகே. இந்த இடத்தில்தான் குடும்பம் கைகொடுக்க வேண்டும். அவசரப்பட்டு வேலைக்கு அனுப்பினால் நஷ்டம் அதிகம்.

நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

தழும்பைச் சுற்றிக் கொஞ்சம் மரப்பும் கூச்சமும் இருக்கலாம். தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளைகள் அந்த வழியே போவதுதான் காரணம். பலருக்கு அது மெல்லக் குறையும்.

புண் சிவந்து சூடாவது, சீழ் வருவது, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுகிற வலி, ஆபரேஷனுக்கு முன்பு இல்லாத பலக்குறைவு ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். சில மாதம் ஆகியும் துளி முன்னேற்றமும் இல்லை என்றாலும், முதலில் நன்றாகி மறுபடியும் மோசமானாலும், மீண்டும் சோதனை செய்ய வேண்டும். சிலருக்கு அழுத்தம் வேறு இடத்திலும் இருக்கலாம்.

எங்கே போவது?

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வைத்தியத்துக்குப் பெரிய பட்டணம்தான் போக வேண்டும். இன்று அப்படி இல்லை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-ம் ஆண்டு வந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து இரண்டு ஊருக்கும் பஸ் உண்டு. எலும்பு டாக்டரிடமோ, நரம்பு டாக்டரிடமோ காட்டலாம். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்த பிரிவு அது.

டாக்டரிடம் போகும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொன்னால் அவருக்கு வேலை சுலபம். எந்த விரல், எந்தப் பக்கம் மரக்கிறது? எத்தனை மாதமாக? சிறு வயதில் முழங்கை முறிந்ததுண்டா?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலண்டரை எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு நாள், கையில் ஒரு காகிதத்தைப் பிடித்து வீட்டிலுள்ளவர்களை இழுத்துப் பார்க்கச் சொல்லலாம். சுண்டு விரலைப் பஞ்சால் தொட்டுப் பார்க்கலாம். இரவில் எத்தனை முறை விழிப்பு வந்தது என்று குறிக்கலாம். ஒவ்வொரு நாளும் பார்த்தால் மாற்றம் தெரியாது. மூன்று மாதக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும்.

நரம்பு நாளைக்கு 1 மில்லி மீட்டர்தான் நடக்கும். அதை அவசரப்படுத்த மருந்து இல்லை. ஆனால், அது புறப்படுகிற நாளைச் சீக்கிரமாக்கலாம். சுண்டு விரல் மரக்கத் தொடங்கிய உடனே டாக்டரிடம் போகிறவர், சதை வற்றிய பிறகு போகிறவரை விடப் பல மாதம் முன்னால் இருக்கிறார்!